பூக்காத மனோரஞ்சிதமும் மைமூன் அக்காவும்

போன வியாழக்கிழமை காலை ஒன்பதே கால் மணி இருக்கும். குரோம்பேட்டையில் நான் வேலை பார்க்கும் தனியார் மருத்துவமனையின் பில்லிங் கவுன்ட்டரில் மூன்றாவது டோக்கனுக்கு ரசீது போட்டுக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் அன்வரின் பெயர் வந்தது. எங்கள் லேப் மைமூன் அக்காவின் மகன். அம்மாவுக்கு லீவு சொல்லத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்து, எடுத்த எடுப்பிலேயே, “என்னப்பா, அக்கா இன்னைக்கு மட்டமா?” என்று சிரித்தேன்.

“சுமதி அக்கா, அம்மா மவுத்தாயிட்டாங்க” என்றான்.

விடிகாலை சுபுஹு தொழுகை முடித்து நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். டீ கொண்டுபோய் வைத்துவிட்டு இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறான். மூன்றாவது முறை தோளைத் தொட்டபோதுதான் தெரிந்திருக்கிறது. சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு எடுப்பதாகச் சொன்னான். நான் “சரிப்பா, சரிப்பா” என்றேன். போனை வைத்துவிட்டு, என்ன செய்கிறோம் என்று தெரியாமல், “டோக்கன் நாலு” என்று கூப்பிட்டேன்.

இந்த இடத்தில் ஓர் உண்மையை எழுதாவிட்டால் மேற்கொண்டு எழுத எனக்கு யோக்கியதை இல்லை. செய்தி காதில் விழுந்த அந்த முதல் நொடியில் எனக்கு அழுகை வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. என் வீட்டுக்காரரிடம் நான் ஒரு வருஷத்துக்கும் மேலாக மறைத்து வைத்திருந்த ஒரு காரியம், உலகத்தில் அக்கா ஒருவருக்குத்தான் தெரியும். இனி யாருக்கும் தெரியாது. இந்த நினைப்பு வந்த வேகத்தைப் பார்த்து எனக்கே அருவருப்பாக இருந்தது. சீ, நான் என்ன பிறவி என்று தோன்றியது. அதற்குப் பிறகுதான் அழுதேன். நாலாம் டோக்கன்காரர் பாவம், தன் பில் தொகையைப் பார்த்துத்தான் அழுகிறேன் என்று பயந்துபோனார்.

மருத்துவமனையில் ஞாபகார்த்தமாக ஏதாவது எழுதித் தரச் சொன்னபோது எல்லோரும் என்னைக் கை காட்டினார்கள். “நீங்கதானே தினம் அவங்கள ரோடு கிராஸ் பண்ணிவிடுவீங்க” என்றார்கள். எனக்கு இருந்த தகுதி அவ்வளவுதான்.

அக்காவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பம்மல்காரர். ஐம்பத்தேழு வயது. எங்கள் லேபில் இருபத்திரண்டு வருஷம் டெக்னீஷியன். குள்ளமான உருவம், மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடி, வெள்ளைக் கோட்டுப் பையில் எப்போதும் ஒரு சின்ன பூதக்கண்ணாடி. ரத்தமோ சீழோ எதைக் கண்டும் முகம் சுளிக்க மாட்டார். ஊசியைக் கண்டு அலறும் பெரிய மனிதர்களிடம், “அய்ய, இன்னா சார், இதுக்குப் போயி! செவுத்துல ஃபேன் ஓடுதா பாருங்க” என்பார். அவர்கள் பார்ப்பதற்குள் ரத்தம் எடுத்துவிடுவார்.

அப்படிப்பட்டவருக்கு ஜி.எஸ்.டி. சாலையைக் கடப்பதென்றால் உயிர் போய்விடும். மேம்பாலப் படி ஏற முழங்கால் விடாது. சிக்னலில் வண்டிகள் நின்ற பிறகும், “நிக்கிற மாதிரி நிக்கிறானுங்கம்மா, நம்ப முடியாது” என்பார். சாயங்காலம் ஆறு மணிக்கு என் வலது கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கண்ணை ஏறக்குறைய மூடிக்கொண்டு, ஏதோ ஓதியபடியே கடப்பார். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் சட்டென்று கையை விட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி பம்மல் ஷேர் ஆட்டோவைக் கூப்பிடுவார். ஏழு வருஷம் இந்தக் கையைப் பிடித்திருக்கிறார். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய இன்னொரு வேலை செடிகளுக்கு வியாதி பார்ப்பது. யார் சொல்லி ஆரம்பித்தது என்று தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே வார்டு ஆயா முதல் எலும்பு டாக்டர் வரை எல்லோரும் இலைகளை எடுத்துக்கொண்டு லேப் வாசலில் நிற்பார்கள். “வாயால சொல்லாதீங்க, சாம்பிள் கொண்டாங்க” என்பது அவர் கட்டளை. பார்மசியில் மாத்திரை போட்டுக் கொடுக்கும் பழுப்புக் கவரில்தான் இலை வர வேண்டும். கவர்மேல் பெயர், வயது, ஊர் எழுதியிருக்க வேண்டும். “செம்பருத்தி, 3 வயது, பல்லாவரம்.” “குண்டுமல்லி, 6 வயது, சேலையூர்.” ஒரு தடவை புது நர்ஸ் ஒருத்தி அந்தக் கவரை நோயாளி சாம்பிள் என்று நினைத்து ரிஜிஸ்டரில் ஏற்றிவிட, செம்பருத்தி என்ற மூன்று வயதுக் குழந்தையைக் காணோம் என்று அரை மணி நேரம் வார்டே அல்லோலகல்லோலப்பட்டது.

அவர் எடுத்ததும் மருந்து சொல்ல மாட்டார். முதலில் மூன்று கேள்விகள். எத்தனை மணி நேரம் வெயில் படுது? யாரு தண்ணி ஊத்துறது? கடைசியா யாரு கை பட்டுச்சு? இந்த மூன்றாவது கேள்வியில்தான் பாதி வியாதி வெளியே வந்துவிடும். எலும்பு டாக்டர் வீட்டு வாசலில் வரிசையாக இட்லிப்பூச் செடிகள். வருஷம் முழுக்கப் பச்சைப் பசேல் என்று இருக்கும், பூ மட்டும் கிடையாது. டாக்டர் உரத்துக்கு மேல் உரம் போட்டிருக்கிறார். அக்கா கேட்ட மூன்றாவது கேள்வியில், பதினைந்து நாளுக்கு ஒரு தரம் ஆள் வைத்துப் பெட்டி மாதிரி மட்டமாக வெட்டுவது தெரிந்தது. “டாக்டர், அது நுனியிலதான் பூக்கும். நீங்க நுனி வர வர வெட்டுனா அது எங்க போய்ப் பூக்கும்? உங்க பேஷன்ட் காலை ஊனும்போதெல்லாம் தட்டிவுட்டா அவன் எப்ப நடப்பான்?” என்றார். டாக்டர் அன்றே கத்திரியைப் பிடுங்கிப் பரணில் போட்டாராம். இரண்டே மாதத்தில் லேபுக்கு ஒரு கொத்துச் சிவப்புப் பூ வந்தது.

இப்போது என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

கொரோனா இரண்டாம் அலையில் என் கணவர் பாஸ்கருக்கு மூக்கில் வாசனை போனது. எல்லோருக்கும் போனது, எல்லோருக்கும் வந்தது. இவருக்கு மட்டும் வரவில்லை. அவர் ஏசி மெக்கானிக். “வாசனைதானே, நாத்தம் தெரியாம இருக்கறது நல்லதுதான்” என்று முதலில் ஜம்பமாகப் பேசினார். ஒரு நாள் அடுப்பில் பால் பொங்கி, தீய்ந்து, பாத்திரம் கருகி, புகை ஹாலுக்கு வந்த பிறகுதான் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கினார். அன்றைக்கு அவர் முகத்தில் பயத்தைப் பார்த்தேன். டாக்டர், வந்தாலும் வரும், பொறுத்திருங்கள் என்றார். நாங்கள் அஸ்தினாபுரத்தில் இந்தத் தரைத்தள வீட்டுக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான். வாசலை ஒட்டி இரண்டடி அகலத்துக்கு மண். நர்சரிக்காரர் ஒருவர், “சார், மனோரஞ்சிதம் வைங்க. ஒரு பூ பூத்தா தெருவே மணக்கும். என்ன பழத்தை நெனச்சு மோந்தாலும் அந்தப் பழ வாசனை வரும்” என்று சொல்ல, பதியம் போட்ட செடியை வாங்கி வந்தார். “இந்த வாசனையாவது என் மூக்குல ஏறுதான்னு பாத்துடணும் சுமதி. இதுவும் வரலைன்னா இனிமே வராதுன்னு விட்டுடறேன்” என்றார். விளையாட்டாகச் சொல்வது மாதிரிதான் சொன்னார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் செடிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இலை இலையாக முகர்ந்து பார்ப்பார்.

செடி வளர்ந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்பு டிசம்பர் மழையில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று காலை, என் மகள் யாழினி வாசலில் உட்கார்ந்து ஷூ போட்டுக்கொண்டிருந்தாள். ஏழு வயது அப்போது. “அம்மா, சாக்ஸ உள்ளயே வச்சுட்டியா? ஈரமா இருக்கு” என்றாள். நான் சமையலறையில் டிபன் கட்டிக்கொண்டிருந்தேன். சாக்ஸ் இரண்டும் என் தோளில் கிடந்தன.

ஓடினேன். அவள் விரல்கள் ஷூவுக்குள் இருந்தன. ஷூவைத் தட்டிவிட்டேன். உள்ளிருந்து ஒரு பாம்பு வழிந்து தரையில் விழுந்து, மனோரஞ்சிதத்தின் அடியில் போய் மறைந்தது. பிறகு ஆள் வந்து பிடித்து, “குட்டித் தண்ணிப் பாம்புங்க, வெசமே இல்ல” என்று கையில் சுற்றிக் காட்டினார். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்கிறார்கள். படைக்காவது பக்கத்தில் ஆள் இருக்கும். எனக்கு அன்றிலிருந்து, கண்ணை மூடினால் அந்த “ஈரமா இருக்கு” தான். இன்றைக்கும் ஷூவை மூன்று முறை தட்டாமல் என் மகள் கால் விட முடியாது.

அந்த வாரமே கீரைக்கார அம்மா செடியைப் பார்த்துவிட்டுக் கூடையை இறக்காமல் நின்றது. “அய்ய, இன்னாம்மா இத்த வூட்டாண்ட வச்சிகினு கீற? மனோரஞ்சிதம்மா இது. பூ வச்சுதுன்னா வாசனைக்குப் பாம்பு தேடிகினு வரும். கொயந்த கீற வூடு. சொல்ட்டேன், அப்பால உன் இஷ்டம்” என்றது.

வீட்டில் சொன்னால் பாஸ்கர் சிரிப்பார். சிரித்தாலும் பரவாயில்லை, வெட்டிவிடு என்று நான் பிடிவாதம் பிடித்தால் வெட்டியும்விடுவார். ஆனால் அவர் மூக்கின் கடைசி நம்பிக்கை அது. வெட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பூக்கவிடவும் மனசு வரவில்லை. அடுத்த கோடையில் முதல் மொட்டைப் பார்த்தேன். மனோரஞ்சித மொட்டு இலை நிறத்திலேயே, இலைக்கு நடுவிலேயே ஒளிந்திருக்கும். தேடுகிறவர் கண்ணுக்கே சட்டென்று படாது. பயப்படுகிறவள் கண்ணுக்குப் பட்டுவிட்டது. காலை ஆறு மணிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் கட்டைவிரல் நகத்தால் கிள்ளி வேரடியில் போட்டேன். அன்று ஆரம்பித்தது. வாரம் இரண்டு, மூன்று. ஒன்றைக்கூட விடவில்லை.

பாஸ்கருக்கு எதுவும் தெரியாது. பூக்கவில்லையே, பூக்கவில்லையே என்று மோர் ஊற்றினார். முட்டை ஓடு போட்டார். மீன் கழிவில் ஏதோ கரைசல் செய்து ஊற்ற, அந்த நாற்றத்தில் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். “எனக்குத் தெரியலியே சார், ரொம்ப நாறுதா?” என்று இவர் அப்பாவியாகக் கேட்டபோது நான் உள்ளே போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றேன். நான் செய்வது பாவம் என்று எனக்குத் தெரியும். மறுநாள் காலையும் கிள்ளினேன்.

கடைசியில் அவரே, “உங்க லேப் அக்கா பெரிய செடி டாக்டராமே, கூட்டிட்டு வா” என்றார். மழை, வெயில், அக்காவுக்கு முழங்கால் வலி என்று நான்கு மாதம் தள்ளிப்போட்டேன். போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எனக்குத் தெரியாமல் மருத்துவமனைக்கே போன் போட்டுப் பேசி, தம் வண்டியில் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்து இறக்கிவிட்டார்.

அக்கா டீயைக்கூடத் தொடவில்லை. நேராகச் செடியிடம் போனார். வெயில் எப்படி என்று கேட்டார். காலை பதினொன்று வரை என்றார் பாஸ்கர். போதும் என்றார். மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். பிறகு ஒரு கிளையைத் தூக்கிப் பூதக்கண்ணாடியை வைத்தார். “தம்பி, இங்க பாருங்க. கொக்கி மாதிரி வளைஞ்சு கீது பாருங்க. இந்தக் கொக்கிலதான் பூ வரும். இத்தினி கொக்கி போட்டிருக்குன்னா செடிக்கு வயசு வந்தாச்சு. மொட்டு வந்திருக்கணுமே” என்றார். ஒவ்வொரு கொக்கியாகப் பார்த்துக்கொண்டே போனார். அவருடைய கை நின்ற இடமெல்லாம் எனக்குத் தெரிந்த இடங்கள். கறுத்த சின்னச் சின்னத் தழும்புகள்.

“யாரும்மா தண்ணி ஊத்துறது?”

“நான்தான்க்கா” என்றேன்.

மூன்றாவது கேள்வி வரப்போகிறது என்று முந்தானைக்குள் கட்டைவிரலை மடக்கிக்கொண்டு நின்றேன். அக்கா நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்த்தார், முந்தானையைப் பார்த்தார். கேட்கவில்லை. அத்தனை வருஷத்தில் அவர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்ட செடி அது ஒன்றுதான்.

“என்ன வியாதிங்க அக்கா?” என்றார் பாஸ்கர்.

“செடிக்கு ஒண்ணியும் இல்ல தம்பி. காரணம் உள்ள இல்ல, வெளிய கீது. இன்னான்னு இப்ப சொல்ல மாட்டேன். கல்ச்சர் டெஸ்ட் மாதிரி, ரிப்போர்ட் வரக் கொஞ்ச நாள் ஆவும். அதுவரைக்கும் மோரு, மீனு ஒண்ணும் ஊத்தாதீங்க” என்றார். பொய் ரிப்போர்ட் கொடுக்க மாட்டார். என்னைக் காட்டிக் கொடுக்கவும் இல்லை. செருப்பு மாட்டும்போது குனிந்து வேரடியிலிருந்து எதையோ பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். செத்த இலை என்று பாஸ்கர் நினைத்திருப்பார்.

அதற்கடுத்த பத்து நாட்களைப் போல நான் பயந்தது கிடையாது. தினமும் சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடப்பார். செடியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. மழை வருமா, வெங்காயம் விலை, அன்வருக்குப் பெண் பார்ப்பது, இதுதான் பேச்சு. திட்டிவிட்டால்கூடத் தேவலை என்றிருந்தது. வீட்டுக்குப் போனால் பாஸ்கர் வாசலிலேயே, “ரிப்போர்ட் வந்துச்சா?” என்பார். அந்தப் பத்து நாளிலும் நான் இரண்டு மொட்டைக் கிள்ளினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பதினோராவது நாள் லேபிலிருந்து ரிப்போர்ட் கட்டு வந்தது. நடுவில் ஒரு பழுப்புக் கவர். மேலே அக்காவின் கோழிக் கிறுக்கல் கையெழுத்து: “மனோரஞ்சிதம், 4 வயது, அஸ்தினாபுரம்.” பிரித்தேன். உள்ளே காய்ந்துபோன மூன்று மொட்டுகள். ஒவ்வொன்றின் காம்பிலும் பிறை மாதிரி நகம் பதிந்த தடம்.

சாப்பாட்டு நேரத்தில் லேபுக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். “எப்படிக்கா தெரிஞ்சுது?” என்றேன்.

“வீட்டுக்கு வந்தா தெரிஞ்சுது? ஒரு வருசமா தினம் இந்தக் கையத்தானே புடிச்சிகினு ரோடு தாண்டுறேன். கட்டைவெரல் நகம் மட்டும் கறுத்துக் கறுத்துப் போவுதே, கீரை ஆயுறாப் போலன்னு நெனச்சிகினேன். உன் செடியப் பாத்தப்புறம்தான் அது கீரை இல்லன்னு புரிஞ்சுது” என்றார்.

எல்லாவற்றையும் கொட்டினேன். ஷூ, ஈரம், கீரைக்கார அம்மா, பாஸ்கரின் மூக்கு. அழுது முடிக்கும் வரை டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

“பாம்பு வந்தப்ப செடி பூத்திருந்துச்சா?”

“இல்லக்கா. அப்ப சின்னச் செடி.”

“ஒரு வருசமா நீ பூக்கவே உடல. ஒரு பூ இல்ல. தைரியமா இருந்தியா?”

ஒரு நாளும் இருந்ததில்லை.

“பாம்புக்குப் பழ வாசனை வேணாம் சுமதி, எலி வாசனதான் வேணும். உன் செடிக்கு அடியில ஒடைஞ்ச செங்கல்லு குவிஞ்சு கீது, பக்கத்துலயே எலி வளை. பாத்ரூம் தண்ணி போற ஓட்டைக்கு ஜல்லடை கிடையாது. அதையெல்லாம் உட்டுட்டுப் பூவப் போட்டுக் கிள்ளிகினு கீற.” பிறகு குரலைத் தாழ்த்தி, “பயப்படாதன்னு நான் சொல்ல மாட்டேன். ரோட்டுல என் லட்சணத்தப் பாக்கறல்ல? நல்லா பயப்படு. ஆனா கைய சும்மா வச்சிகினு பயப்படு” என்றார்.

பாஸ்கரிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினேன். கையை உதறிவிட்டார். “நான் லேப் மட்டும்தாம்மா. ரிப்போர்ட்ட நீதான் குடுக்கணும். எவ்ளோ லேட்டாவுதோ அவ்ளோ பேஜார்.”

அடுத்த ஞாயிறு அக்கா மறுபடி வந்தார். பாம்பு எதற்கு வரும் என்று பொதுவாகப் பேசி, பாஸ்கரையே செங்கல்லை எல்லாம் வாரவைத்தார், எலி வளையை அடைக்கவைத்தார், ஜல்லடை போடவைத்தார். கிளம்பும்போது செடியைத் தடவிக்கொண்டே, “தம்பி, எனக்கு ஃபீஸ் வேணாம். நான் மவுத்தானா குழி மேல தலைமாட்டுல ஊன்ற இதுல ஒரு பச்சைக் கிளை அனுப்பிடுங்க” என்று சிரித்தார். “என்ன பேச்சுக்கா இது” என்று கோபித்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து நான் கிள்ளவில்லை. கொஞ்ச நாள் செடி சும்மா இருந்தது, பிறகு மூன்று மொட்டுகள் வந்தன. பெரிதாகின. தினமும் காலையில் பார்ப்பேன். கட்டைவிரல் அரிக்கும். ஜல்லடையைப் பார்த்துவிட்டு, ஷூவைத் தட்டிவிட்டு, உள்ளே போய்விடுவேன். ஆனால் ரிப்போர்ட்டை மட்டும் கொடுக்கவில்லை. பாஸ்கர் செடியிடம் போவதையே நிறுத்திவிட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார். “பொங்கல் வரைக்கும் பாக்கறேன். அப்புறம் புடுங்கிட்டு வண்டி நிறுத்த இடம் பண்ணிடறேன்” என்றார். சாலையின் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் அக்கா கேட்பார், “குடுத்தியா?” நாளைக்கு அக்கா என்பேன். புதன்கிழமை சாயங்காலமும் கேட்டார். புதன்கிழமையும் நாளைக்கு என்றுதான் சொன்னேன்.

வியாழக்கிழமை அன்வர் போனை வைக்கும்முன் தயங்கி, “அக்கா, அம்மா உங்க வீட்டுச் செடிக் கிளைன்னு ஏதோ சொல்லிட்டே இருப்பாங்க. வெளையாட்டுக்குத்தான். இருந்தாலும் முடிஞ்சா...” என்றிருந்தான்.

பாதி நாள் லீவு போட்டு வீட்டுக்கு வந்தேன். பாஸ்கரும் வேலையை விட்டுவிட்டு வந்து கத்தரிக்கோலோடு நின்றார். “நீயே வெட்டும்மா, உன் அக்கா” என்று என் கையில் கொடுத்தார். மதிலை ஒட்டி உயரத்தில் இருந்த நல்ல கிளை ஒன்றைப் பார்த்து வெட்டினேன். அதில் ஒரு மொட்டு இருப்பது எனக்குத் தெரியும். அக்காவுக்கு மொட்டில்லாத கிளையை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

பாஸ்கர் கிளையை வாங்கினார். “ஏய்!” என்று கத்தினார். “மொட்டுடீ! சுமதி, மொட்டு! ஐயோ, இத்தப் போய் வெட்டிட்டியே! பூத்திருக்குமே!” நாலு வருஷமாக நான் பார்க்காத முகம் அது. ஒரே நேரத்தில் சிரிப்பும் பதற்றமுமாக மொட்டை மூக்கில் வைத்து இழுத்தார். பச்சை மொட்டில் யாருக்குமே வாசனை வராது. “எப்படி, திடீர்னு? அக்கா என்ன பண்ணாங்க?” என்றார்.

யாருக்கும் தெரியாது இனி. அக்கா எதையோ ஊற்றினார் என்று சொன்னால் போதும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது அந்தப் பொய்.

“நான் கிள்ளிட்டு இருந்தேங்க” என்றேன். “ஒரு வருஷமா. பாம்பு வரும்னு பயந்து, நான்தான் கிள்ளிப் போட்டேன்.”

கிளையை ஈரத்துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தார். வண்டியை எடுத்தார். பம்மல் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் கிளையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடித்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

அக்காவின் முகம் பார்த்தேன். கண்ணாடி இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. வெள்ளைத் துணிக்குள் இன்னும் குள்ளமாகத் தெரிந்தார். அடக்கம் நடக்கும் மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. அக்காவைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கியபோது ஆண்களோடு பாஸ்கரும் போனார், கையில் எங்கள் கிளையோடு. சந்தூக்கு பெரிய ரோட்டைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். யாராவது வண்டிகளை நிறுத்தினார்களா என்று கேட்க வேண்டும் போலிருந்தது. உள்ளே, நாற்பது பெண்களுக்கு நடுவே, என் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்துப் பாஸ்கர் வந்தார். முட்டியில் மண். “தலைமாட்டுல ஊனியாச்சு. தண்ணியும் ஊத்திட்டேன்” என்றார். வண்டியில் ஏறினோம். கிளப்பவில்லை. ஹேண்டில்பாரைப் பார்த்தபடியே கேட்டார்.

“செடியில இன்னும் எத்தனை இருக்கு?”

“ரெண்டு.”

“சரி. அதுல கை வைக்காத” என்றார். அவ்வளவுதான். என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கத் தைரியம் வரவில்லை.

இதை எழுதும் இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் பாஸ்கர் செடிக்கு முன்னால் பழையபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு மொட்டில் ஒன்று விளிம்பில் லேசாக மஞ்சள் தட்டியிருக்கிறது. நாளையோ மறுநாளோ மணக்கும். அது அவர் மூக்கில் ஏறுமா என்று தெரியாது. ஏறாவிட்டால் என்ன செய்வோம் என்றும் தெரியாது. அந்த வாசனைக்கு வேறு எது வரும் என்று நினைத்தால், ஜல்லடை போட்ட பிறகும், எனக்குக் குலை நடுங்கத்தான் செய்கிறது.

அக்கா, ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டேன். ஒரு நாள் லேட். அவருக்குப் பின்னால், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன். நல்லா பயந்துகொண்டுதான் நிற்கிறேன். நீங்கள் பத்திரமாகப் போய்ச் சேருங்கள்.